பாஸ்டன் பழைய அரசு மாளிகை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகர் பாஸ்டனில், வானளாவிய அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் செங்கல் கட்டடம். இவ்விடத்தில் இருந்த மரத்தாலான நகர மன்றம் 1711ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தபின், 1713இல் கட்டப்பட்டது. 1747இல் மீண்டும் தீப்பிடித்தபோது உட்புறம் எரிந்து, சுவர்கள் மட்டும் எஞ்சின.

ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டின் ஆளுநர் அவையும் மக்கள் பிரதிநிதிகள் அவையும் இங்கேதான் கூடின. சுங்க அதிகாரிகள் எந்த வீட்டையும் சோதிக்க இடமளித்த ஆணைகளை எதிர்த்து வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் 1761இல் இங்கு வாதாடினார். 1770 மார்ச் 5 அன்று ஆங்கிலேயப் படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டு ஐவர் உயிரிழந்தது இதன் வாசலருகேதான். 1776 ஜூலை 18 அன்று கிழக்கு மாடத்திலிருந்து விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அன்றிரவே கூரை முகப்பிலிருந்த அரச சின்னங்களான சிங்கத்தையும் ஒற்றைக்கொம்புக் குதிரையையும் மக்கள் இறக்கிக் கொளுத்தினர்.

1798இல் அரசு புதிய மாளிகைக்குப் போனது. அத்துடன் மதிப்பும் போயிற்று. இடையில் 1830 முதல் சில ஆண்டுகள் நகராட்சி மன்றமாக இருந்ததைத் தவிர்த்தால், கடைகளும் அலுவலகங்களும்தான் இதில் குடியிருந்தன. விளம்பரப் பலகைகள் சுவரை மூடின. கூரையின் வடிவமும் மாற்றப்பட்டது. நெரிசலான சந்திப்பில் நின்றதால் இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது சிகாகோ நகரத்தார் செங்கல் செங்கலாகப் பெயர்த்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக முன்வந்தது பாஸ்டன்காரர்களை உறுத்தியது. இதைக் காக்க, தொன்மை ஆர்வலர்களின் சிறு மன்றம் ஒன்று 1881இல் பாஸ்டோனியன் சங்கமாக விரிவடைந்தது. கட்டடம் நகராட்சியின் உடைமையாகவே நீடிக்க, சங்கம் அதில் அருங்காட்சியகம் நடத்தியது.

நகரக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கிளஃப் 1882இல் முடித்த புதுப்பிப்பில், கொளுத்தப்பட்ட சிங்கமும் குதிரையும் மறுபடி கூரைக்கு ஏறின. அரசனை விரட்டிய ஊர் அவன் சின்னத்தைத் தன் செலவிலேயே செய்துவைத்தது! 1901இல் செம்புச் சிலைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பழுதுபார்க்க 2014இல் இறக்கியபோது, சிங்கத்தின் தலைக்குள் 1901ஆம் ஆண்டின் கடிதங்களும் ஒளிப்படங்களும் நாளிதழ்த் துணுக்குகளும் அடங்கிய செம்புப் பெட்டி கிடைத்தது.

பாதுகாப்பு என்றால் எதையும் தொடாமல் வைப்பது என்று சங்கத்தால் இருக்க முடியவில்லை. 1904 முதல் அடித்தளத்தில் சுரங்க ரயில் நிலையம் இயங்குகிறது. பயணிகள் இதன் வழியாகவும் இறங்குகின்றனர். 1976இல் அரசி இரண்டாம் எலிசபெத் அதே கிழக்கு மாடத்தில் நின்று பேசினார். 2020இல் பாஸ்டோனியன் சங்கம், நகரின் மற்றொரு வரலாற்றுக் கட்டடமான பழைய தெற்குக் கூடத்தைக் காத்துவந்த அமைப்புடன் இணைந்து ‘ரெவல்யூஷனரி ஸ்பேசஸ்’ என்ற பெயரில் செயல்படத் தொடங்கியது.