கணக்கைத் தீர்ப்பவர் யார்? கொரியக் காதல் தொடர்களில் குறையுள்ள தலைமைப் பாத்திரங்கள், 1978 – 2022

1978-இல் தென் கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சியில் 'இளமைப் பொறி' என்ற தொடர் வந்தது. எழுதியவர் கிம் சூ-ஹியோன். கல்யாணம் ஆகாமலே ஒருவனை நம்பி வாழ்ந்து, அவனுக்குப் பிள்ளையும் பெற்றவள்தான் கதாநாயகி. முதலாளி வீட்டுப் பெண் கிடைக்கிறாள் என்றதும் அவன் இவளைக் கைவிடுகிறான். குழந்தையும் இறந்துபோகிறது. அவள் அழுது ஒடுங்கிவிடவில்லை. அதே முதலாளியின் குடும்பத்துக்குள் நுழைந்து அவனைப் பழிதீர்க்கப் புறப்படுகிறாள். பார்க் சுங்-ஹீயின் அடக்குமுறை ஆட்சி நடந்த காலம் அது. ஒழுக்கக்கேடான கதை என்று எதிர்ப்பு கிளம்பியதால் தொடரை அவசரமாக முடிக்க வேண்டியதாயிற்று. 1999-இல் எஸ்.பி.எஸ். அதே ஆசிரியரின் எழுத்தில், ஷிம் உன்-ஹாவை நாயகியாக்கி மீண்டும் எடுத்தபோது பெரும் வெற்றி பெற்றது. இருபத்தோரு ஆண்டுகளில் அந்தப் பெண் மாறவில்லை. அவளைப் பார்க்கும் கண்கள் மாறியிருந்தன.

காதல் தொடரில் தவறு செய்யும் நாயகனையோ நாயகியையோ எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு வகையில் பதில் சொல்லப்படுகிறது. ஒன்று, நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்பு எழுதுவது. இன்னொன்று, சின்ன வயதில் பட்ட காயத்தைக் காட்டி எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது. இரண்டுமே பாத்திரத்தோடு நின்றுவிடுகின்றன. கதை அந்தக் குறையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று இவை பார்ப்பதில்லை. ஒருவர் செய்த பிழைக்கான விலையைக் கதையில் யார் கொடுக்கிறார் என்று கேட்டால்தான் இந்த வகைத் தொடர்களின் வரலாறு தெளிவாகும் என்பது என் வாதம். கோவலனின் பிழைக்குக் கண்ணகி கொடுத்த விலையைப் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான கேள்வி அல்ல.

கொரியத் தொடர்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள், பதினாறு முதல் இருபது பகுதிகள், பிறகு கதை முடிந்தது என்பது அங்கே வேரூன்றிய வடிவம். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நெடுந்தொடரில் ஒரு பாத்திரம் இந்த மாதம் செய்த தவறு அடுத்த மாதம் மறந்துபோகும். இங்கே முதல் வாரத்தில் செய்த தவறுக்கு எட்டாவது வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டும். எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், தொடர்கள் ஆசிரியரின் பெயராலேயே அறியப்படுகின்றன என்பதும் இந்த ஆய்வுக்கு வசதியான செய்திகள். ஓர் ஆசிரியர் ஒரே சிக்கலைத் தொடர்தோறும் எப்படித் திருத்தி எழுதுகிறார் என்று பின்தொடர முடிகிறது.

1992-இல் எம்.பி.சி.யில் வந்த 'பொறாமை' நகரத்து இளைஞர்களின் காதலை மையமாக்கிய புதுவகைத் தொடர்களுக்கு வழி திறந்தது. அதன் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் தலைமைப் பாத்திரங்களுக்குக் குறை என்பதே அபூர்வம். துன்பம் வெளியிலிருந்து வந்தது. 2000-இல் கே.பி.எஸ். ஒளிபரப்பிய 'ஆட்டம் இன் மை ஹார்ட்' தொடரில் மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போகின்றன. கடைசியில் நாயகிக்கு இரத்தப் புற்றுநோய். 2002-இல் வந்த 'வின்டர் சொனாட்டா'வில் விபத்து, மறதி, பார்வையிழப்பு. இரண்டையும் இயக்கியவர் யூன் சோக்-ஹோ. காதலர்கள் மாசற்றவர்கள், விதிதான் குற்றவாளி. கெட்ட குணம் எல்லாம் இரண்டாம் நாயகியின் தலையில் ஏற்றப்பட்டது. வறுமையிலும் சிரிப்பு மாறாத நாயகிக்கு, ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றின் நாயகியை வைத்து, 'கேண்டி' என்றே பெயர் வைத்தார்கள். இந்தக் காலகட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிழையே இல்லாத இடத்தில் யார் விலை கொடுத்தது என்ற கேள்வியும் எழாது.

முதல் உடைப்பு 2004-இல் எஸ்.பி.எஸ். ஒளிபரப்பிய 'வாட் ஹேப்பண்ட் இன் பாலி'. இதன் நாயகி லீ சூ-ஜங் ஏழை, ஆனால் 'கேண்டி' அல்ல. பணக்கார வீட்டு மகன் ஜே-மின் ஒரு பக்கம், அறிவும் வன்மமும் உள்ள ஏழை இன்-வூக் மறுபக்கம். இன்-வூக் அவளுக்குப் படிக்கக் கொடுப்பது மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷியின் நூல். அவளுக்குக் காதலும் வேண்டும், பணமும் வேண்டும். எது தன் மனம், எது தன் வயிறு என்று அவளுக்கே தெரியவில்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டே, அழுகைச் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று கை முட்டியை வாயில் திணித்துக்கொண்டு ஜே-மின் குமுறும் காட்சியைக் கொரியர்கள் இன்றும் பாவனை செய்து காட்டுவார்கள். இறுதியில் ஜே-மின் அவர்கள் இருவரையும் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொள்கிறான். ஒருவருடைய பலவீனத்துக்கு எல்லோரும் விலை கொடுக்கிறார்கள், யாருக்கும் விடுதலை இல்லை. குறையுள்ள மனிதர்களைப் படைக்கும் துணிவு அப்போது வந்துவிட்டது. அவர்களை உயிரோடு வைத்திருந்து பதில் சொல்லவைக்கும் வழி இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த ஆண்டே எம்.பி.சி.யின் 'மை லவ்லி சாம்-சூன்' வேறு வழியில் போனது. கேக் செய்யும் தொழில் தெரிந்த, முப்பது வயதான, பருமனான, வாய்த்துடுக்குள்ள பெண் சாம்-சூன். காதலன் இன்னொருத்தியோடு இருப்பதை ஹோட்டலில் நேரில் பார்த்துவிட்டு, கண்மை கன்னமெல்லாம் வழிய, ஆண்கள் கழிப்பறையில் உட்கார்ந்து அழுகிறவளாகத்தான் அவள் அறிமுகமாகிறாள். இறுதிப் பகுதியின் பார்வையாளர் விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் இங்கே நாயகியின் 'குறை' என்று காட்டப்படுபவை உடல் எடையும் வயதும் பழைய பாணிப் பெயரும்தான். யாருக்கும் அவற்றால் தீங்கில்லை. உண்மையான பிழை நாயகன் ஜின்-ஹியோனுடையது. பணத்தைக் கடனாகக் கொடுத்து, ஒப்பந்தம் போட்டுக் காதலியாக நடிக்க அவளை அமர்த்துகிறான். பழைய காதலி திரும்பியதும் தடுமாறுகிறான். அண்ணன் இறந்த விபத்தின் குற்றவுணர்வு அவனுக்குக் கேடயமாகிறது. பெண்ணின் குறை தோற்றத்தில், ஆணின் குறை நடத்தையில் என்ற இந்தப் பாகுபாடு வெகுகாலம் நீடித்தது.

அது உச்சம் தொட்டது 2009-இலும் 2010-இலும். புதுயுகம் தொலைக்காட்சியின் தமிழ் மொழிமாற்றத்தால் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரின் கு ஜுன்-பியோ, சிவப்பு அட்டை ஒன்றை நீட்டி மாணவர்களைப் பள்ளியே சேர்ந்து வதைக்கும்படி செய்பவன். முதல் பகுதியில் ஒரு மாணவன் மொட்டைமாடியிலிருந்து குதிக்கத் துணிகிறான். அந்த மாணவனைக் கதை அதோடு மறந்துவிடுகிறது. ஜுன்-பியோ அன்பில்லாத தாயின் மகன் என்பது மட்டும் நமக்கு நினைவூட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

கிம் உன்-சூக் எழுதிய 'சீக்ரெட் கார்டன்' இன்னும் நுட்பமானது, அதனாலேயே இன்னும் சிக்கலானது. நாயகன் கிம் ஜூ-வோனுக்கு மின்தூக்கி என்றால் உயிர் நடுங்கும். காரணம், பல ஆண்டுகளுக்கு முன் தீவிபத்தில் மின்தூக்கிக்குள் சிக்கிய அவனைக் காப்பாற்றப்போய் ஒரு தீயணைப்பு வீரர் இறந்திருக்கிறார். அவர் நாயகி கில் ரா-இம்மின் தந்தை. அவன் உயிரோடு இருப்பதே அவள் குடும்பம் கொடுத்த விலை. இவ்வளவு பாரமான கடனைக் கையில் வைத்துக்கொண்டு, கதை அதை விதியின் முடிச்சாக மாற்றிவிடுகிறது. அவளுடைய ஏழ்மையை அவன் ஏளனம் செய்ததும், மறுத்தபின்னும் விடாமல் துரத்தியதும் ஆழமான காதலின் சான்றுகளாகிவிடுகின்றன. காயம் பட்டவன் என்பதற்காக ஒருவனுக்குப் பிறரைக் காயப்படுத்தும் உரிமம் கொடுத்த காலம் என்று இதைச் சொல்வேன். நடிப்பும் வசனமும் அவ்வளவு கவர்ச்சியாக இருந்ததால் அந்த உரிமத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

மாற்றத்துக்குத் தொழில்சார்ந்த காரணங்களும் சமூகக் காரணங்களும் உண்டு. 2006-இல் டி.வி.என். கேபிள் அலைவரிசையும் 2011 டிசம்பரில் ஜே.டி.பி.சி.யும் தொடங்கின. எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இவற்றுக்குக் குறைவு. அதற்கு முன்பெல்லாம் ஒளிபரப்பு நாளுக்குச் சற்று முன்புவரை துண்டு துண்டாகக் காட்சிகளை எழுதி அனுப்புவதும், பார்வையாளர்களின் கோபதாபத்துக்கேற்பக் கதையைத் திருப்புவதும் வழக்கம். நாயகனுக்கு ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டால் அவனைக் குற்றக்கூண்டில் நிறுத்த எந்த ஆசிரியருக்குத் துணிவு வரும்? 2016-இல் முழுவதும் முன்கூட்டியே படமாக்கப்பட்ட 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்' வெற்றி பெற்றது. நெட்ஃப்ளிக்ஸ் கொரியாவுக்குள் வந்ததும் அதே ஆண்டுதான். அந்த மே மாதம் சோல் நகரின் கங்னம் நிலையம் அருகே ஓர் இளம்பெண் கொல்லப்பட்டதும், 2018 ஜனவரியில் அரசு வழக்கறிஞர் சோ ஜி-ஹியோன் தனக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறலைத் தொலைக்காட்சிச் செய்தியில் வெளிப்படையாகப் பேசியதும், காதல் என்ற பெயரில் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும் நாயகனைப் பழையபடி ரசிக்க முடியாதபடி செய்தன.

எழுத்தில் இந்தத் திருப்பம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 2014-இல் நோ ஹீ-கியோங் எழுதிய 'இட்ஸ் ஓகே, தட்ஸ் லவ்' தொடரின் நாயகன் ஜாங் ஜே-யோல் புகழ்பெற்ற எழுத்தாளன், வானொலி அறிவிப்பாளன், அழகன், அகங்காரி. பழைய கணக்குப்படி அவனுக்கு எல்லாம் மன்னிக்கப்பட்டிருக்கும். அவனைச் சுற்றி எப்போதும் வெறுங்காலோடு ஒரு பள்ளிச் சிறுவன் வருகிறான், பெயர் காங்-வூ. நான்காம் பகுதியின் முடிவில், தந்தையிடம் அடிவாங்கும் அந்தச் சிறுவனைக் காப்பாற்ற ஜே-யோல் பாய்கிறான். காட்சிக் கோணம் மாறுகிறது. அங்கே தனியாக ஒருவன் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். மனச்சிதைவு நோய். இத்தனை பகுதிகளாக நாமும் அவனோடு சேர்ந்து அந்தச் சிறுவனை நம்பியிருக்கிறோம்.

இதன் பிறகு வருவதுதான் முக்கியம். மனநல மருத்துவரான நாயகி ஹே-சூவின் அன்பால் அவன் நோய் பறந்துவிடுவதில்லை. அவன் மருத்துவமனையில் சேர்கிறான், மருந்து சாப்பிடுகிறான், தன் மனமே தன்னை ஏமாற்றியதைத் தானே கண்டுபிடிக்கிறான். விடைபெறும் வேளையில் காங்-வூவின் கால்களைக் கழுவி, காலணி போட்டுவிடுகிறான். காயம்பட்ட அந்தச் சிறுவன் அவனேதான். குணமாகும் வேலையைக் காதலியின் தோளில் ஏற்றாமல் தன் கையாலேயே செய்யும் நாயகனைக் கொரியக் காதல் தொடர் இங்கேதான் கண்டெடுத்தது என்று கருதுகிறேன். ஹே-சூவோ, தான் ஆசைப்பட்டிருந்த நெடும்பயணத்துக்குப் புறப்பட்டுப் போகிறாள். அவன் வாழ்க்கைக்காகத் தன் வாழ்க்கையை அவள் ஒத்திவைக்கவில்லை.

இதை இன்னும் கூர்மையாக்கியவர் பாக் ஹே-யோங். 2016-இன் 'அனதர் மிஸ் ஓ'வில் ஒலிப்பதிவுக் கலைஞன் டோ-கியோங், தன்னை விட்டுப் போன காதலியைக் கட்டப்போகிறவன் என்று எண்ணி ஒருவனுடைய தொழிலை நொடிக்கச் செய்கிறான். அவன் உண்மையில் கட்டவிருந்தது அதே பெயருடைய வேறொரு பெண்ணை. ஓ ஹே-யோங் என்ற அந்தப் பெண்ணின் திருமணம் காரணம் புரியாமலே நின்றுபோகிறது. பிறகு டோ-கியோங் காதலிப்பது அவளையே. உண்மையை எப்போது, எப்படிச் சொல்வது, சொன்னபின் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் தொடரின் முதுகெலும்பு. 'சீக்ரெட் கார்டன்' விதி என்று தாண்டிச் சென்ற இடத்தில் இந்தத் தொடர் நின்று, கடனைக் கணக்குப் பார்க்கிறது.

அவரே 2018-இல் எழுதிய 'மை மிஸ்டர்' காதல் தொடரா என்பதே விவாதத்துக்குரியது. 45 வயது நாயகன், 21 வயது நாயகி, முதல் பகுதியிலேயே அவளை ஒருவன் அடிக்கும் காட்சி என்று ஒளிபரப்புத் தொடங்கியபோது கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தொடர் அதன் வழியே வேறோர் இடத்துக்குப் போனது. லீ ஜி-ஆன் அலுவலகத்திலிருந்து காபித் தூள் பொட்டலங்களை எடுத்துப்போகிறவள். இரவில் பசிக்கு அதையே கலக்கிக் குடிக்கிறவள். கடனை அடைக்க, டோங்-ஹூன் என்ற பொறியாளரை வேலையைவிட்டுத் துரத்தும் சதிக்கு விலைபோய், அவர் கைபேசியை ஒட்டுக்கேட்கிறாள். அவர் நடக்கும் சத்தம், மூச்சு, தனிமையில் விடும் பெருமூச்சு எல்லாம் அவள் காதில் விழுகின்றன. செய்த குற்றமே அவளுக்கு ஒரு மனிதனை முழுமையாக அறியும் வழியாகிறது. அவர்கள் கதை திருமணத்தில் முடிவதில்லை. இரண்டு பேரும் தத்தம் வாழ்க்கையைத் தாமே தூக்கி நிறுத்திக்கொள்கிறார்கள்.

2022-இன் 'மை லிபரேஷன் நோட்ஸ்' தொடரில் திரு. கு அறை நிறையக் காலி சோஜு பாட்டில்களோடு வாழும் குடிகாரர், நிழலான தொழிலிலிருந்து தப்பி வந்தவர். மி-ஜோங் அவரைத் திருத்த முயல்வதே இல்லை. இறுதிப் பகுதியில் அவர் கைதவறி விழும் நாணயம் சாக்கடை மூடியின் விளிம்பில் தங்கிவிடுகிறது. அதை எடுத்துக்கொண்டு, வாங்கிய மதுப் புட்டியைத் தெருவோரத்தில் இருக்கும் ஒருவரிடம் வைத்துவிட்டு நடக்கிறார். குடியை விட்டுவிட்டார் என்று தொடர் சொல்லவில்லை. ஒரு புட்டியை விட்டார், அவ்வளவுதான். அந்த அளவு எனக்குச் சரியாகப் படுகிறது.

மாற்றம் நேர்கோட்டில் வந்ததில்லை. 2020-இல் வந்த 'இட்ஸ் ஓகே டு நாட் பி ஓகே' தொடரின் கோ மூன்-யோங், குழந்தைகளுக்குக் கதை எழுதும் முரட்டு நாயகி. உடைமாற்றும் நாயகனை அவள் விடாமல் பார்த்துச் சீண்டும் காட்சிக்குப் பார்வையாளர்களிடமிருந்து புகார்கள் வந்தன. ஆண் செய்தால் தவறு என்று கற்றுக்கொண்டவர்கள் பெண் செய்தாலும் அதைத் தவறு என்றே கண்டார்கள். தொடர் மட்டும் அதைச் சுட்டித்தனம் என்று கடந்துபோனது. அவளுக்கும் பின்னால் ஒரு கொடூரமான தாய் இருக்கிறாள். ஜி-ஆனுக்கும் அப்படித்தான்: கடன் கொடுத்தவனின் அடி, பாட்டியைக் காக்கச் செய்த கொலை என்று நியாயங்கள் அடுக்கப்படுகின்றன. திரு. கு போன்ற ஆணுக்கு இவ்வளவு விளக்கம் யாரும் கேட்பதில்லை. தவறு செய்யும் பெண்ணைப் பார்வையாளர் ஏற்க வேண்டுமானால் அவள் முதலில் போதுமான அளவு அடிபட்டிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு 1978-இலிருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த எதிர்பார்ப்பை மீறிய நாயகியாக ஜே.டி.பி.சி.யின் 'சீக்ரெட் லவ் அஃபேர்' (2014) தொடரின் ஓ ஹே-வோனைச் சொல்வேன். ஜங் சுங்-ஜூ எழுதி ஆன் பான்-சோக் இயக்கியது. நாற்பது வயதான இவள் பணக்காரக் குடும்பத்தின் கலை அறக்கட்டளையை நடத்துகிறாள், அவர்களுடைய கறுப்புப் பணத்துக்குக் காவல் இருக்கிறாள். இருபது வயது பியானோ கலைஞன் சன்-ஜேயும் அவளும் ஒரே பியானோவின் முன் அமர்ந்து நான்கு கைகளால் ஷூபர்ட்டை வாசிக்கும் காட்சியில் தொடுதல் இல்லை, ஆனால் எதுவும் மிச்சமில்லை. மணமானவள் பிறன் ஒருவனோடு கூடுவது அப்போது கொரியாவில் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது 2015 பிப்ரவரி 26-இல்தான். ஹே-வோனுக்கு இரங்கத்தக்க முன்கதை எதையும் ஆசிரியர் எழுதவில்லை. அவள் வசதிக்கு ஆசைப்பட்டாள், அதற்காக வளைந்தாள், தெரிந்தே செய்தாள். சிறையில் அவளைத் தள்ளுவதும் காதல் அல்ல, அந்தப் பணம். யாரையும் பழி சொல்லாமல், தான் செய்ததைத் தானே ஒப்புக்கொண்டு உள்ளே போகிறாள். காதலன் அவளைக் காப்பாற்றவில்லை, அவள் கேட்கவும் இல்லை. அவளுக்குப் பின் வந்த நாயகிகளில் எத்தனை பேருக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது என்பதை அடுத்துவரும் ஆய்வாளர்கள் தொடர் தொடராக எடுத்துப் பார்க்க வேண்டும்.