ஆசிரியர் தரக் கண்காணிப்பு – திருவள்ளூர் மாவட்டம்

பள்ளி ஆசிரியரின் கல்வித் தகுதி, பணி ஒழுக்கம், வகுப்பறைத் திறன் ஆகியவற்றை அரசு வரையறுத்து மேற்பார்வையிடும் ஏற்பாடு ஆசிரியர் தரக் கண்காணிப்பு எனப்படும். செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1 அன்று பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் அதிகம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கின்றன. உருக்காலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஒரே ஒன்றியத்தில் பல வீட்டுமொழிகள் இருப்பதால், ஆசிரியரின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது.

நுழைவாயிலில் காவல் கடுமையானது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் குறைந்தபட்சத் தகுதிகளை 2010 ஆகஸ்டில் அறிவித்தபோது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது ‘டெட்’, கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் அதை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் 2,448 பேர் மட்டுமே. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் தந்தது பெருங்குறையாகப் பேசப்பட, அக்டோபரில் மூன்று மணி நேரத்துடன் துணைத் தேர்வு நடந்தது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தேர்ச்சி அளவு 2014இல் 60 சதவீதத்திலிருந்து 55 ஆகக் குறைக்கப்பட்டது. 2018இல் வந்த அரசாணை 149, தகுதித் தேர்வில் வென்றவர்களும் பணி நியமனத்துக்குத் தனியே ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. 2013இல் தேறிவிட்டு வேலைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது பேரிடியாக இறங்கியது. அவர்களின் போராட்டங்களில் நியாயம் இருந்தது.

உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் உள்ளவர்களையும் தகுதித் தேர்வு வளையத்துக்குள் கொண்டுவந்தது. ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுகளுக்குள் தேறியாக வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாடு அரசு மறு ஆய்வு கோரியது.

பணிக்கு வந்தபின் மேற்பார்வை பல கைகளில் இருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் மாவட்டக் கல்வி அலுவலர்கள் உள்ளனர். 2022 முதல் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் எனப் பொறுப்பு பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிகளை ஆய்வு செய்கிறார். வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர்கள் வகுப்பைப் பார்வையிட்டு உதவுகிறார்கள். திரூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் பணிமுன் பயிற்சியையும் பணியிடைப் பயிற்சியையும் தருகிறது. அரசு ஆசிரியர் தவறினால், ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ) சிறு தண்டனைக்கும் 17(ஆ) பெருந்தண்டனைக்கும் வழிசெய்கின்றன. ஆசிரியர் அறைகளில் 17(ஆ)வைக் குறிக்கும் ‘பதினேழு பி’ என்றாலே போதும், விளக்கம் வேண்டியதில்லை. தனியார் பள்ளிகளுக்கு 2018ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டமும் 2023இல் வந்த விதிகளும் பொருந்தும்.

இந்த அமைப்பு எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதற்கு இம்மாவட்டமே சான்று தந்தது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுதோறும் கணக்கிடப்படுகின்றன. கூடுதலாக இருப்பவர் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறார். பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியின் இளம் ஆங்கில ஆசிரியர் 2018 ஜூனில் அப்படி மாற்றப்பட்டபோது, மாணவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுது வழிமறித்தனர். பெற்றோரும் சேர்ந்துகொண்டனர். படங்கள் நாடெங்கும் பரவ, மாறுதல் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. விதிப்படி அந்த ஆணையில் பிழையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் அறிந்திருந்த தரத்தைப் பதிவு செய்ய எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

கற்றலின் பக்கம் பார்வையைத் திருப்பிய முயற்சியும் இங்கேதான் தொடங்கியது. 2022 ஜூன் 13 அன்று புழல் அருகே அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதே முறை. ஆசிரியருக்குக் கையேடும் பயிற்சியும் கிடைத்தன; கூடவே செயலியில் மதிப்பீடுகளைப் பதிவேற்றும் வேலையும் ஏறியது. பாட நேரத்தைப் பதிவு வேலை தின்கிறது என்ற ஆசிரியர் சங்கங்களின் புகாரைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்க முடியாது.

மொழி பற்றிய இடைவெளி இன்னும் பெரிது. ஒடிசாவிலிருந்து சூளைகளுக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒடியா தெரிந்த தன்னார்வலர்களைக் கொண்டு இம்மாவட்டத்தில் வகுப்புகள் நடத்தப்பட்டிருக்கின்றன. அவர்கள் ‘டெட்’ எழுதியவர்கள் அல்லர். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்களே கிடைத்த ஆசிரியர்கள். தமிழே தெரியாத பிள்ளைக்குத் தமிழ் வழியில் எப்படிக் கற்பிப்பது என்பதைத் தகுதித் தேர்வு அளப்பதும் இல்லை. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் தரக் கண்காணிப்பு பொருளுள்ளதாக இருக்க வேண்டுமானால், பன்மொழி வகுப்பறையைக் கையாளும் பயிற்சியைத் திரூர் நிறுவனத்தின் கட்டாயப் பாடமாக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரின் ஆய்வு பதிவேட்டிலிருந்து வகுப்பறைக்கு நகர வேண்டும்.