வர்க்கமும் சாதியும்

நம் சேவுகம்பட்டிக்கு அருகிலுள்ள வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் வ.உ.சிதம்பரனாரோடு தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். கூலியும் நாட்டு விடுதலையும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதைத் தமிழகம் அப்போதே செயலில் கண்டது. மார்க்சியம் என்னும் பெயர் மட்டும் அதற்கு அன்று இல்லை.

அப்பெயரைச் சூட்டியவருள் முதல்வர் ம.சிங்காரவேலர். சென்னை மீனவர் குடும்பத்தில் பிறந்த இவ்வழக்கறிஞர் 1923இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1931இல் கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் பெரியாரின் 'குடிஅரசு' இதழில் வரத்தொடங்கியது. மறு ஆண்டு உருவான ஈரோட்டுத் திட்டத்தில் சிங்காரவேலரின் பங்கு பெரிது. சாதி ஒழிப்பும் பொதுவுடைமையும் ஒரே பந்தியில் அமர்ந்த காலம் அது. ஆனால் அரசின் நெருக்கடிக்கிடையே பெரியார் பொதுவுடைமைப் பிரசாரத்தைக் கைவிட, ஜீவானந்தம் போன்றோர் பிரிந்தனர். இரு தரப்பிற்கும் அது இழப்பென்றே நாம் கருதுகிறோம்.

ஐரோப்பிய நூல்கள் ஆலையையும் முதலாளியையும் பேசின. தஞ்சை வயலில் நின்றவனோ பண்ணையாள். அத்துடன் தீண்டத்தகாதவன் என ஒதுக்கப்பட்டவன். கன்னட நாட்டிலிருந்து வந்து 1940களில் அவனைச் சங்கத்தில் சேர்த்த பி.சீனிவாசராவ், கூலி உயர்வோடு சாணிப்பாலுக்கும் சாட்டையடிக்கும் முடிவு கேட்டார். கூலியும் மானமும் ஒரே கோரிக்கையாயின. தமிழக மார்க்சியத்தின் சொந்தப் பங்களிப்பை இங்கேதான் தேடவேண்டும்.

1964இல் கட்சி பிளந்தபோது வாதம் வேறு: இந்திய முதலாளி வர்க்கத்தின் தன்மை யாது, காங்கிரசோடு உறவு கொள்ளலாமா என்பன. சாதி பின்வரிசைக்குச் சென்றது. வர்க்கப் போர் வென்றால் அது தானே உதிரும் என்று பலர் நம்பினர். 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அம்மக்கள் கேட்டது கூலி, மாண்டவர்கள் தலித்துகள். இது வர்க்கக் கொலையா, சாதிக் கொலையா என்ற விவாதம் பல்லாண்டு நீடித்தது. ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியோரைப் பிரிக்கும் சுவரைக் கல்லறைத் தோட்டத்தில் கண்டிருக்கும் நமக்கு, இவ்விவாதத்தின் கனம் புரியும்.

சாதிக்கொடுமையை எதிர்க்கத் தமிழகத்தில் தனி அமைப்பே வேண்டுமென மார்க்சிஸ்ட் கட்சி முடிவு செய்து தீண்டாமை ஒழிப்பு முன்னணியைத் தொடங்கியது 2007இல். கான்பூர் மாநாடு கூடி 82 ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டு மே மாதம், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை, அவர்களின் போராட்டத்திற்குப் பின் அரசு இடித்துத் திறந்தது.