நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்

புது வண்டி எடுத்தால் நம்ம பக்கம் நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அமெரிக்காவில் பழுதோடு வந்த வண்டிக்குப் பேரே 'லெமன்'தான். 1970ல ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். வண்டியில் என்ன கோளாறு என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியே சந்தையைக் கெடுத்துவிடும் என்றார். 1982ல கனெக்டிகட் மாநிலம் முதல் 'லெமன் சட்டம்' போட்டது. பல தடவை ரிப்பேர் பார்த்தும் சரியாகாத வண்டியை கம்பெனி மாற்றித் தரணும், இல்லை பணத்தைத் திருப்பித் தரணும்.

இந்தியாவில் அப்படித் தனிச்சட்டம் இன்றுவரை கிடையாது. 1930ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் இருந்தது. வாங்குகிறவன்தான் பார்த்து வாங்கணும் என்பது அதன் பொது விதி, 16ம் பிரிவில் சில விலக்குகள். அதற்காக சிவில் கோர்ட் படி ஏறினவர்கள் ரொம்ப இருக்க மாட்டார்கள். அம்பாசடரும் பியட்டும் வாங்கவே வருஷக்கணக்கில் காத்திருந்த காலம், கிடைத்ததே பெரிசு. சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985ல 'ஸ்டாண்டர்ட் 2000' கொண்டுவந்தது. வெளியே இங்கிலாந்து ரோவரின் உடம்பு, உள்ளே பழைய வான்கார்ட் வழிவந்த எஞ்சின். சில வருஷத்திலேயே படுத்துவிட்டது.

1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. குறையைச் சரிசெய், பொருளை மாற்று, பணத்தைத் திருப்பு, நஷ்டஈடு கொடு, எதை வேண்டுமானாலும் மாவட்ட மன்றமே உத்தரவிடலாம். ஆனால் 'வணிக நோக்கத்துக்காக' வாங்கினவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று ஒரு வரி இருந்தது.

கம்பத்தில் இருக்கிறவனுக்கு அந்த வரிதான் முக்கியம். விடியறதுக்கு முன்னாடியே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ரோட்டில் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜீப் வணிகமா, வயிற்றுப்பாடா? 1993ல ஒரு திருத்தம் வந்தது: சுயதொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கின பொருள் வணிக நோக்கத்தில் சேராது. 1995ல உச்ச நீதிமன்றம் இதை விளக்கினது, ஒரு இயந்திரம் சம்பந்தமான வழக்கில். லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் ஒரு பக்கம், நம்ம கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மறுபக்கம். பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ லாரியோ வாங்கினவர் நுகர்வோர். வேறு ஆளை வைத்து ஓட்ட வாங்கினவர் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பில் உதாரணமே சொல்லியிருக்கிறார்கள். சட்டத்துக்கு எங்காவது கோடு போட்டாகணும், புரியுது. ஆனாலும் மலைரோட்டில் பிரேக் பிடிக்காதபோது, ஸ்டீயரிங்கில் இருப்பது முதலாளியா சம்பளக்காரனா என்று ஜீப் பார்க்காது.

சொந்த உபயோகத்துக்கு வாங்கின காரிலும் முழு வண்டியை மாற்றி வாங்குவது லேசில்லை. 2006ல மாருதி வழக்கொன்றில் கிளட்ச் தொந்தரவு. வாரண்டியில் சொன்னது பழுதான பாகத்தை மாற்றுவதுதான், வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அலைச்சலுக்கு 50,000 ரூபாய். 2022ல ஹூண்டாய் கிரெட்டா வழக்கில் காற்று வேறு பக்கம் அடித்தது. விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகம் போதாது என்று கம்பெனி வாதாட, வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நஷ்டஈட்டோடு புது வண்டியும் கிடைத்தது. சாப்ட்வேர் தொழிலில் 'உங்க சிஸ்டத்துல ஏதோ பிரச்சினை' என்று வாடிக்கையாளர் தலையிலேயே கட்டுகிற எங்களுக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சம் உறைக்கணும்.

2019ம் வருடச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. உற்பத்தியாளரின் பொருள் பொறுப்புக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது வேறொன்று. முன்பெல்லாம் விற்றவர் எங்கே, பிரச்சினை எங்கே என்று பார்த்துத்தான் வழக்குப் போடணும். இப்போது வசிக்கிற இடத்திலேயே போடலாம். மதுரையில் கார் வாங்கின கம்பத்துக்காரர் தேனி மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஒவ்வொரு தடவை சர்வீஸ் விடும்போதும் ஜாப் கார்டில் உங்கள் புகாரை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குப் போட 2 வருஷம்தான் கெடு. 'அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் சார்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது ஓடிவிடும்.