முதுமையும் நட்டஈடும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யப்பானியப் படையினரின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட கொரியப் பெண்கள், முதுமையெய்திய பின்னரே நீதிமன்றத்தை நாடினர். 1991இல், தமது 67ஆம் வயதில், பகிரங்கமாகச் சாட்சியமளித்த கிம் ஹக் சுன் அவ்வாண்டிலேயே தோக்கியோவில் வழக்கிட்டார். 1965ஆம் ஆண்டின் யப்பான் - தென்கொரிய உடன்படிக்கையோடு கோரிக்கைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்பதே யப்பானிய அரசின் வாதமாயிற்று. அவர் 1997இல் காலமானார். வழக்கு 2004இல் முற்றாகத் தள்ளுபடியாயிற்று.

தனியார் நன்கொடை கொண்டு 1995இல் நிறுவப்பட்ட நிதியின் உதவியைப் பலர் ஏற்க மறுத்தனர். அவர்கள் வேண்டியது இரக்கமன்று. அரசு தன் பொறுப்பை ஏற்பதே. 1998இல் சிமொனொசெக்கி நீதிமன்றம், பரிகாரச் சட்டம் இயற்றத் தவறிய அரசு மூவருக்குத் தலா 300,000 யென் வழங்கவேண்டும் எனத் தீர்த்தமை இதனாலேயே முக்கியமாகின்றது. அத்தீர்ப்பும் 2001இல் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது. 2021இல் சியோல் நீதிமன்றம் பன்னிருவருக்குத் தலா 10 கோடி வொன் விதித்தபோது, அவர்களுட் சிலர் உயிருடன் இருக்கவில்லை. முதியோர் வழக்கிலே தாமதம் மறுப்புக்குச் சமமாகும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.