இரும்பு எப்போது ஆயுதமாகிறது?

போரில் ஈடுபட்டிருக்கும் நாட்டுக்கு ஓர் அரசு ஆயுதம் விற்கலாமா என்னும் வினா, யமன் போரையும் காஸா போரையும் ஒட்டி ஐரோப்பிய நாடாளுமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் மீண்டும் மீண்டும் எழுந்தது. இதனை வரலாற்று நோக்கில் ஆராய விரும்புவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆயுத வணிகத்தில் அமைச்சர்கள் மன்றத்தில் சொன்னது நமக்குக் கிடைக்கும். அறைக்குள் எழுதிக்கொண்டது கிடைப்பதில்லை. இதற்கு அரிய விதிவிலக்காக அமைந்தது, 1980களில் பிரிட்டன் ஈராக்குக்கு அனுப்பிய எந்திரங்கள் பற்றிய வழக்கு. அதில் அறைக்குள் எழுதியவையும் அச்சேறின. ஆகவே அதனையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஈராக் ஈரான் போர் 1980 செப்டம்பரில் தொடங்கி 1988 ஆகஸ்டில் ஓய்ந்தது. எட்டாண்டுகளில் இரு தரப்பிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் என்பது நம் தலைமுறையின் நெஞ்சில் ஆறாத புண். ஈராக்குக்கு மிகுதியான ஆயுதம் தந்தவை சோவியத் யூனியனும் பிரான்சும் ஆகும். பிரிட்டனின் பங்கு அவற்றோடு ஒப்பிடச் சிறியதே. ஆனால் பிரிட்டன் தனக்கென ஒரு நெறியை வகுத்து, அதை மன்றத்தில் அறிவித்திருந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் 1985 அக்டோபரில் அறிவித்த அவ்வழிகாட்டு நெறிகளின் சாரம் இது: இரு நாடுகளுக்கும் உயிர்கொல்லும் தளவாடங்கள் வழங்கப்படமாட்டா, போரை நீட்டிக்கவோ கடுமையாக்கவோ இரு தரப்பில் எதன் ஆற்றலையும் குறிப்பிடத்தக்க அளவில் பெருக்கக்கூடிய பாதுகாப்புத் தளவாடங்களுக்குப் புதிய அனுமதி இல்லை. நடுநிலை என்பதற்கு இதைவிடத் தெளிவான வாசகத்தை ஓர் அரசிடம் எதிர்பார்க்க இயலாது.

1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரின் மீது ஈராக் விமானங்கள் நச்சு வாயுக் குண்டுகளை வீசின. ஏறத்தாழ 5,000 குர்து மக்கள், பெண்டிரும் பிள்ளைகளுமாக, மடிந்தனர். பிரிட்டிஷ் அரசு கண்டனம் தெரிவித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அதே அரசு பாக்தாதுக்கு 34 கோடி பவுண்டு ஏற்றுமதிக் கடன் வசதியும் அளித்தது. போர் நின்றதும் பெரும் சந்தை ஒன்று திறக்கிறது என்பதே வணிகத்துறையின் கணக்கு. 1988 டிசம்பரில் வெளியுறவு, வணிகம், பாதுகாப்பு ஆகிய மூன்று துறைகளின் இளநிலை அமைச்சர்களான வில்லியம் வால்டகிரேவ், ஆலன் கிளார்க், ட்ரெஃப்கார்ன் பிரபு ஆகியோர் கூடி, நெறியின் வாசகத்தைத் தளர்த்தினர். போர்நிறுத்தத்தை மீறிய தாக்குதலுக்கு நேரடியாகவும் குறிப்பிடத்தக்க அளவிலும் உதவும் தளவாடங்கள் மட்டுமே கூடாது என்பது புதிய வாசகம். 1989 பிப்ரவரிக்குப் பின் இத்தளர்வு ஈராக்குக்கு மட்டும் உரியதாயிற்று. ஈரானுக்குப் பழைய கண்டிப்பே தொடர்ந்தது. நடுநிலை அத்துடன் முடிந்தது.

இவற்றில் எதுவும் மன்றத்துக்கு அறிவிக்கப்படவில்லை. குர்து மக்களுக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டித்த கையோடு ஆயுத விதியைத் தளர்த்தினோம் என்று தெரிந்தால், மனச்சான்றற்ற செயலாகத் தோன்றும் என்னும் கவலை ஹவ் அவர்களின் அலுவலகக் குறிப்பிலேயே பதிவாகியிருந்தது. கேள்வி கேட்ட உறுப்பினர்களுக்கோ, கொள்கை மாறவில்லை என்று வால்டகிரேவ் கையொப்பமிட்ட கடிதங்கள் சென்றுகொண்டிருந்தன.

பின்னாளில் விசாரணையில் அவர் தந்த விளக்கம் அரபிக் கல்லூரி ஆசிரியர் எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும். நெறி மாற்றப்படவில்லை, மாறிய சூழலில் அதற்கு நெகிழ்வான பொருள் கொள்ளப்பட்டது, அவ்வளவே என்றார் அவர். உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் நஸ்குக்கும் தஃவீலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலாண்டிலேயே அறிவர். ஒரு விதி நீக்கப்பட்டு வேறொன்று அதனிடத்தில் வருவது நஸ்க். விதி இருந்த இடத்திலேயே இருக்க, அதன் வெளிப்படைப் பொருளை விட்டு மற்றொரு பொருளைக் கொள்வது தஃவீல். தஃவீலுக்கு இரண்டு நிபந்தனைகள்: சொல் அப்பொருளைத் தாங்க வேண்டும், அப்படிக் கொள்வதற்குச் சான்றும் வேண்டும். இங்கோ மூவர் கூடிப் புதிய வாசகமே எழுதினர். எழுதியது நஸ்க், பெயரிட்டது தஃவீல். மார்க்க நூல்களைப் பொருள் திரிப்போர் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டை, மார்க்கத்தோடு தொடர்பற்ற ஓர் அமைச்சகத்தின் கோப்பிலும் வைக்க நேரும் என நாம் எண்ணியதில்லை.

இனி எந்திரங்களுக்கு வருவோம். கோவென்ட்ரி நகரின் மேட்ரிக்ஸ் சர்ச்சில் நிறுவனம் கடைசல் எந்திரங்கள் செய்வது. 1987இல் ஈராக்கியர் அதனை விலைக்கு வாங்கினர். அவ்வாண்டு நவம்பரிலேயே, இவ்வகை எந்திரங்கள் ஈராக்கின் நஸ்ர், ஹித்தீன் ஆகிய ஆயுதத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றன என்று உளவுத்துறை அரசுக்குத் தெரிவித்தது. (ஸலாஹுத்தீன் அய்யூபீ வெற்றிகொண்ட களத்தின் பெயரை, முஸ்லிம்கள் மீதே எறியப்பட்ட குண்டுகளைச் செய்த ஆலைக்குச் சூட்டியிருந்தனர்!) கடைசல் எந்திரம் உயிர்கொல்லும் பொருளன்று. அதில் மோட்டார் வண்டியின் உறுப்பும் கடையலாம். பீரங்கிக் குண்டின் உறையும் கடையலாம். 1988 ஜனவரியில் எந்திர உற்பத்தியாளர்களைச் சந்தித்த கிளார்க், உரிம விண்ணப்பங்களில் அமைதிப் பயன்பாட்டையே அழுத்திச் சொல்லுமாறு குறிப்புக் காட்டினார்.

இச்சிக்கல் நம் ஃபுகஹாக்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) தம் ஹிதாயாவில் இரண்டு இடங்களில் இதைப் பேசுகிறார். கிளர்ச்சியாளர் பற்றிய பகுதியில், குழப்பக்காரர் என அறியப்பட்டோருக்கு ஆயுதம் விற்பது வெறுக்கத்தக்கது என்கிறார். ஆனால் தொழில்திறனால் மட்டுமே ஆயுதமாக மாறக்கூடிய மூலப்பொருளை விற்பது அத்தடையில் வராது. திராட்சைக்கும் மதுவுக்கும் உள்ள வேறுபாடு போல என்பது அவர் காட்டும் ஒப்புமை. பகைநாட்டாரைப் பற்றிய பகுதியிலோ, ஆயுதத்தோடு இரும்பையும் விற்கக் கூடாது என்கிறார். ஏனெனில் இரும்பு ஆயுதத்தின் மூலம். ஒரே இரும்பு, இரண்டு தீர்ப்பு. உரையாசிரியர்கள் இதற்குக் கூறும் காரணம் நுட்பமானது: கிளர்ச்சிக் கூட்டத்தார்க்கு உலை அமைத்து ஆயுதம் வடிக்க அவகாசம் வாய்ப்பதில்லை, நிலைபெற்ற நாட்டுக்கு அது உண்டு. அதாவது பொருளின் பெயரை மட்டும் பாராமல், வாங்குபவனிடம் பட்டறை உள்ளதா என்றும் பார்த்தனர். லண்டன் அதிகாரிகள் உயிர்கொல்லும் பொருள், கொல்லாப் பொருள் என்ற பட்டியலோடு நின்றுகொண்டனர். பட்டறையின் பெயர் தெரிந்திருந்தும் அதை எண்ணாதது போல் இருந்தனர்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்களும் வணிகப் பகுதியில் குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பது பற்றித் தனித் தலைப்பு அமைத்து, இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அதை வெறுத்தார்கள் என்று குறிப்பிடுகிறார்கள். முஸ்லிம்களிடையே மூண்ட போர்களில் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்ற அந்த நபித்தோழர் வாழ்ந்து மறைந்த ஊர் பஸ்ரா. 1987இல் ஈரான் படைகள் முற்றுகையிட்டதும், இரு தரப்புப் பீரங்கிகளும் அதிரச் செய்ததும் அதே பஸ்ராவின் சுற்றுப்புறத்தைத்தான். விற்றவர்களைப் பற்றி எழுதும் நாம் வாங்கியவர்களை மறக்கலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். அவர்கள் இந்தத் தலைப்பை ஓதியிருக்கக் கூடிய நாட்டினர்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தினுள் புகுந்ததும் காட்சி மாறியது. சுங்கத்துறை மேட்ரிக்ஸ் சர்ச்சில் மீது பாய்ந்தது. எந்திரங்களின் பயனை மறைத்து உரிமம் பெற்றதாக அதன் நிர்வாகிகள் மூவர் குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களுள் நிர்வாக இயக்குநர் பால் ஹெண்டர்சன், பாக்தாது சென்று வந்ததையெல்லாம் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தவர். உளவுக் குற்றம் சாட்டி, அப்சர்வர் இதழின் செய்தியாளர் ஃபர்ஸாத் பஸோஃப்தை ஈராக் அரசு தூக்கிலிட்டது 1990 மார்ச்சில். அத்தகைய ஆபத்தினூடே செய்தி தந்த ஒருவரைத்தான் அவருடைய அரசே கூண்டிலேற்றியது. அவரைக் காக்கக்கூடிய ஆவணங்களையோ, பொதுநலன் கருதி வெளியிடலாகாது எனச் சான்றிதழ் கொடுத்து அமைச்சர்கள் நால்வர் தடுக்க முயன்றனர். மைக்கேல் ஹெசல்டைன் மட்டும் முதலில் மறுத்து, வாசகம் மாற்றப்பட்ட பின்னரே ஒப்பமிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. நீதிபதி ஸ்மெட்லி ஆவணங்களைத் தரப் பணித்தார். கூண்டில் ஏறிய கிளார்க், குறுக்கு விசாரணையில், தாம் உண்மை முழுவதையும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். 1992 நவம்பர் 9 அன்று வழக்கு சரிந்தது. இதையொத்த மற்றொரு வழக்கில் அதே ஆண்டு தண்டனை பெற்றவர்களுக்கு அத்தகைய ஆவணங்கள் கிட்டியிருக்கவில்லை. அவர்களின் தண்டனை 1995இல்தான் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. அமைச்சர்களின் மௌனத்துக்கு விலை கொடுத்தோர் இவர்களே.

நீதிபதி ரிச்சர்ட் ஸ்காட் தலைமையில் அமைந்த விசாரணையில் மார்கரெட் தாட்சரும் சாட்சியம் அளித்தார். அறிக்கை 1996 பிப்ரவரி 15 அன்று ஐந்து தொகுதிகளாக, 1,800க்கும் மேற்பட்ட பக்கங்களுடன் வெளிவந்தது. அமைச்சர்கள் அதை எட்டு நாள்களுக்கு முன்பே பெற்றிருந்தனர். எதிர்க்கட்சியின் ராபின் குக்குக்குக் கிடைத்தவை சில மணி நேரங்கள். அச்சில மணி நேரத்தில் படித்து அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. நெறி மாற்றப்படவில்லை என்னும் வாதம் நிற்காது, மன்றத்துக்குத் தரப்பட்ட விடைகள் தவறான எண்ணத்தைத் தோற்றுவித்தன என்றார் ஸ்காட். ஆயினும் வால்டகிரேவ் ஏமாற்றும் நோக்கம் கொண்டிருக்கவில்லை, தம் வாதத்தைத் தாமே நம்பினார் என்றும் எழுதினார். அரசு பிற்பாதியைப் பற்றிக்கொண்டது. நம் கருத்தில், முற்பாதியைவிடப் பிற்பாதியே அச்சந்தருவது. பொய்யன் என்றாவது ஒருநாள் நாணலாம். தன் தஃவீலைத் தானே நம்பியவனுக்கு நாணம் எங்கிருந்து வரும்? பிப்ரவரி 26 அன்று நடந்த வாக்கெடுப்பில் அரசு 320க்கு 319 என ஒரே வாக்கில் பிழைத்தது. எவரும் பதவி விலகவில்லை.

ஏற்றுமதிக்கு அதுவரை ஆதாரமாயிருந்தது 1939ஆம் ஆண்டின் போர்க்காலச் சட்டம். அதனிடத்தில் 2002இல் புதிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் சொற்களின் மீதான வழக்கு ஓயவில்லை. யமனில் சவூதி கூட்டணி நடத்திய தாக்குதல்களில் போர்விதிகள் மீறப்பட்டனவா என்று மதிப்பிடாமலேயே உரிமம் தரப்பட்டது சட்டப்படி தவறு என 2019 ஜூன் 20 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டு கழித்து, அவை தனித்தனி நிகழ்வுகளே என்ற மதிப்பீட்டின் பேரில் உரிமங்கள் மீண்டும் வழங்கப்பட்டன. காஸா போரின்போது, 2024 செப்டம்பர் 2 அன்று, இஸ்ரேலுக்கான சுமார் 350 உரிமங்களில் 30 அளவில் நிறுத்திவைக்கப்பட்டன. எஃப்-35 போர்விமானத்துக்காகப் பன்னாட்டுப் பொதுத் தொகுப்புக்குச் செல்லும் உதிரி உறுப்புகள் பொதுவாக விலக்குப் பெற்றன. பாலஸ்தீன மனித உரிமை அமைப்பான அல்-ஹக் தொடுத்த வழக்கை 2025 ஜூன் 30 அன்று உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தகைய முடிவு நீதிமன்றத்துக்கு உரியதன்று, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூறக் கடமைப்பட்ட அமைச்சர்களுக்கே உரியது என்றது அத்தீர்ப்பு.