அத்திப்பள்ளி தாண்டி ஒரு பயணம்

1970களில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் அடுத்தடுத்து அங்கே ஆலை திறந்தன. சம்பளம் கூடக்கூட சிங்கப்பூர், துபாய் சுற்றுலாவும் இங்குள்ள குடும்பங்களுக்கு எட்டியது. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பணம் சேர்ந்த பிறகும் விமானம் ஏறும் தயக்கம் தீரவில்லை.

அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது, ஆட்டிசத்தைச் சட்டம் ஏற்கவே வெகுகாலம் ஆனது. மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விவரித்தது 1943-இல். இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டப் பட்டியலிலோ அது இடம்பெறவில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

அடுத்தது பயணத்தின் சிரமம். 2008 மே மாதம் பெங்களூரு விமானங்கள் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கு மாறியபோது ஓசூர்க்காரர்களின் வழியும் நீண்டது. அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, சில்க் போர்டு நெரிசல், ஹெப்பால் மேம்பாலம் என்று பெங்களூரையே குறுக்காகக் கடக்க வேண்டும். அந்த அலுப்போடு பிள்ளை பாதுகாப்புச் சோதனைக்கு வந்து நிற்கும். இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனைக் கழற்றி டிரேயில் வைக்கச் சொல்வார்கள். கையில் இறுகப் பிடித்த பொம்மையும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய்விடும். முன்பின் தெரியாத ஒருவர் உடலைத் தடவிப் பார்ப்பார். பிள்ளை அலறினால், வரிசையில் நிற்பவர்களுக்கு அது வளர்ப்பின் குறையாகவே தெரியும்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத சிரமத்தைத் தெரியப்படுத்தவே 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்திப் பட்டி பிறந்தது. ஆலைத் தொழிலாளர்கள் அடையாள அட்டை மாட்டுவதுபோல் கழுத்தில் அணியும் பச்சைப் பட்டி அது. அதைக் கண்டால் ஊழியர்கள் அவசரப்படுத்தாமல், கூடுதல் நேரம் கொடுத்து உதவுவார்கள். 2023-இல் பெங்களூரு விமான நிலையமும் இதைக் கொண்டுவந்தது.

இதற்கிடையே 2022 மே மாதம், ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. விமானப் போக்குவரத்து இயக்ககம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விதியையும் திருத்தியது. குறைபாட்டைக் காரணம் காட்டி இனி யாரையும் மறுக்கக் கூடாது. உடல்நிலையில் ஐயம் எழுந்தால் விமான நிலைய மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் உதவி கேட்டு வைப்பது, செக்-இன் முதல் இருக்கை வரை நடப்பதைப் படங்களாக அடுக்கிப் பிள்ளைக்குப் பலமுறை காட்டுவது என்று பெற்றோர் செய்யக்கூடிய ஏற்பாடுகளும் உண்டு.

2024 ஜூனில் ஓசூருக்கே 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் எனத் தமிழக அரசு அறிவித்தது. அமைதி அறை, தனிச் சோதனை வழி, பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஆகிய மூன்றையும் கட்டடம் எழும்பிய பிறகு சேர்க்காமல், முதல் வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும். அதைக் கேட்க ஓசூர்ப் பெற்றோருக்கு இதுதான் சமயம்.